கல்லூரிக்கு நம்மைக் கூப்பிட்டது யார்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே சங்கராபுரம் வட்டாரத்துக் காலனிகளுக்குள் வேன்கள் நுழைந்துவிடும். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்குவார்கள். "நர்சிங் இருக்கு, இன்ஜினியரிங் இருக்கு, கேட்டரிங் இருக்கு. எஸ்.சி. பசங்களுக்கு ஒரு பைசா செலவில்லை" என்பார்கள். மாலைக்குள் பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அவர்கள் பைக்குள் போயிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 நம் பிள்ளைகளின் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும், அரசே ஏற்கும் என்கிறது. போராடிப் பெற்ற ஆணை அது. ஆனால் அரசுப் பணம் வரத் தாமதமானால் "கட்டிவிட்டுத் தேர்வு எழுது" என்று பிள்ளையை வாசலில் நிறுத்துவதையும், படிப்பு பிடிக்காமல் வெளியேற நினைத்தால் சான்றிதழைத் தர மறுப்பதையும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அப்படி முடங்கிய ஒரு சான்றிதழை மீட்க ஒரு முறை ஏழு மாதம் அலைந்தோம். அதற்குள் அந்தப் பையன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டான்.

இதில் எங்களை உறுத்துவது வேறொன்று. சேரியைத் தேடி வந்து "படிக்க வா" என்று கூப்பிடுகிறவர் தரகர் ஒருவர் மட்டும்தான். அரசுக் கல்லூரி வருவதில்லை. பல்கலைக்கழகமும் வருவதில்லை. நலத்துறை விடுதியில் ஒரு மாலை பிள்ளைகளிடம் கேட்டோம்: "காலேஜ்னு ஒண்ணு இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?" அக்கா சொன்னாள், சித்தப்பா சொன்னார், வேன்காரர் சொன்னார். நூலகர் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நம் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பதில் வந்திருக்க வேண்டிய பதில் என்று தோன்றுகிறது.

புரட்சியாளர் அம்பேத்கர் கல்லூரிக்குப் போன கதையையே எடுத்துக்கொள்வோம். பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த உதவித்தொகை எப்படி வந்தது? பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் பள்ளி முடிந்ததும் ஒரு சிறுவன் தினமும் வந்து உட்கார்ந்து படிப்பான். அதே பூங்காவுக்கு வரும் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர் அவனைக் கவனித்தார். என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார், புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் அந்தப் பையன் மெட்ரிக் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேலே படிக்க வீட்டில் வழியில்லை என்றானபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். எல்பின்ஸ்டன் கல்லூரியும், பிறகு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகமும் அந்த வழியில் வந்தவை.

கெலுஸ்கர் நூலகர் அல்லர். ஆனால் அவர் செய்தது நூலகரின் வேலை. படிக்கிற பிள்ளையை அடையாளம் கண்டார், அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்தார், அந்தப் புத்தகத்துக்கு அப்பால் ஒரு கல்லூரி இருக்கிறது என்று காட்டினார், பணத்துக்கு வழி சொன்னார். அந்தச் சிறுவன் பூங்காவில் அல்லாமல் ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் இதையெல்லாம் நூலகர் செய்திருக்க வேண்டும். ஆனால் தீண்டத்தகாதவன் என்று பள்ளியில் தனியே சாக்கில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த நூலகத்தின் கதவு திறந்திருக்கும்?

இதே கெய்க்வாடுதான் 1910இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்துத் தன் நாடு முழுவதும் பொது நூலகங்களை அமைத்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு நூலகர் பரோடாவுக்கு வந்தார். மூன்று ஆண்டு கழித்துப் பரோடாவின் பணத்தில் ஒரு மகார் இளைஞர் அமெரிக்கா போனார். பாடப்புத்தகம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. சொன்னால் நன்றாக இருக்கும்.

நம் மாகாணத்துக்கு வருவோம். இங்கே நம்மைப் படிக்கக் கூப்பிட்டவர்கள் யார்? பண்டிதர் அயோத்திதாசர் போன்றோரின் முயற்சியில், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளி. மிஷன் பள்ளிகள். பிறகு தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தாய் அவை. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் சுவாமி சகஜானந்தர். 1916இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தன் உள்ளே வரக் கூடாது என்று தடுத்த ஊரிலேயே நந்தன் பெயரில் பள்ளியும் விடுதியும். அதே சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியாரின் மீனாட்சி கல்லூரி வந்தது 1920இல்தான். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக ஆனது 1929இல். பல்கலைக்கழகத்தைவிட 13 வயது மூத்தது நம் பள்ளி. இந்தக் கணக்கைச் சிதம்பரத்துக்காரர்களே பலர் போட்டுப் பார்த்ததில்லை.

இவர்கள் எல்லாரும் கூப்பிட்டார்கள். பள்ளி கூப்பிட்டது, விடுதி கூப்பிட்டது. கல்லூரி கூப்பிடவில்லை.

1924ஆம் ஆண்டை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்த ஜனவரியில் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், நூலகத்தின் வெறுமை தாங்காமல் சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்ப நினைத்தவர். பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே தொழிலாளியும் குழந்தையும் கூசாமல் நூலகத்துக்குள் வந்து போவதைப் பார்த்தார். 1925இல் திரும்பி வந்தவர் பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டார், நூலக நேரத்தை நீட்டினார், வாசகரைத் தேடிப் போவது நூலகரின் கடமை என்று எழுதினார். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகள் நூலின் சாரமே அதுதான்: புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, அது எல்லாருக்கும் உரியது. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்.

அதே 1924 ஆகஸ்டில், சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடமாடத் தடையில்லை என்பது அது. செப்டம்பரில் அரசு அதை ஆணையாக்கியது. அதை நடைமுறைப்படுத்த நம் மக்கள் எத்தனை ஊரில் அடி வாங்கினார்கள் என்பது வேறு வரலாறு.

ஒருவர் புத்தக அலமாரியின் பூட்டைத் திறந்த காலத்தில் இன்னொருவர் அந்தக் கட்டடத்துக்குப் போகும் தெருவின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். இருவரையும் ஒரே மேடையில் வைத்துப் பேசுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. நூலகத் துறையினர் ரங்கநாதன் பிறந்த நாளுக்கு மாலை போடுகிறார்கள், நாம் தாத்தாவுக்குப் போடுகிறோம். ரங்கநாதனின் விதியில் 'எல்லாரும்' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் சேரி வர வேண்டுமானால் சீனிவாசனின் தீர்மானம் தேவைப்பட்டது. தெருவில் நடக்க முடியாதவனுக்குத் திறந்த அலமாரியால் என்ன பயன்?

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் சட்டம், ரங்கநாதனின் உழைப்பு. சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்தது. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் என்று வளர்ந்தது. நல்லது. நாங்கள் போன கிராமங்களில் அந்தக் கட்டடம் பெரும்பாலும் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது, காலனியில் இல்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலோ மாரியம்மன் கோயிலுக்கு எதிரிலோ இருக்கும். சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து பேப்பர் படிக்க நம் வீட்டுப் பெண் பிள்ளைக்கு இன்றும் தயக்கம் இருக்கிறது.

சங்கராபுரத்துக்கும் கல்லூரிக்கும் இடையிலான தூரத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதி தென்னார்க்காட்டில் இருந்தது, 1993இல் விழுப்புரத்துக்குப் போனது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. மேற்கே கல்வராயன் மலை. அந்த மலை ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லா உழைப்புச் செய்தார்கள். இன்று அறுபதைத் தாண்டிய மலைவாசி ஒருவர் தன் பள்ளி வயதை அந்த ஆட்சியின் கீழ்க் கழித்தவர். அவருடைய பேத்தி வெள்ளிமலையிலிருந்து இறங்கிக் கல்லூரி தேடுகிறாள் என்றால் அந்த வீட்டில் அவளுக்குக் கல்லூரி பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் மட்டும் மலைக்கு வழி தெரிந்து வருகிறார்கள். செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்த இளைஞர்கள் கல்வராயன் மலையிலும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அந்த அழைப்பு நிற்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் விழுந்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலை பற்றிக் கேள்வி கேட்டது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் எங்கள் அண்ணன்மார் தலைமுறைக்கு அது ஒரு பொட்டலமாக வீட்டுக்கே வந்தது. 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி, ஊரில் அதற்குப் பெயர் 'தபால் படிப்பு'. கரும்பு வெட்டிக்கொண்டே பி.ஏ. முடித்தவர்கள், மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் சீசன் வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. முடித்தவர்கள் காலனிக்கு ஒருவராவது இருப்பார்கள். அந்தப் படிப்பை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். பலருக்கு அரசு வேலை கொடுத்தது அதுதான். ஆனால் அந்தப் பட்டத்தில் நூலகம் இல்லை. மஞ்சள் தாளில் அச்சடித்த பாடம், தேர்வு, பட்டம். பல்கலைக்கழகத்தின் நூலகப் படியை மிதிக்காமலே பட்டதாரி ஆனார்கள். அதனால் தம்பி தங்கைகளுக்கு "போய்ப் பார், அங்கே இப்படி இருக்கும்" என்று சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. 2013இல் அந்தப் பல்கலைக்கழகம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளும் அதன் இணைப்பின் கீழ் வந்தன. அப்படியானால் சங்கராபுரத்துப் பிள்ளை அதன் சொந்த வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட யாராவது வந்தார்களா?

கூப்பிட்ட கல்லூரிகள் வரலாற்றில் உண்டு. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது அண்ணல் முதலில் கவலைப்பட்டவற்றில் ஒன்று நூலகம். வேலைக்குப் போகிறவர்களும் படிக்க முடியும்படி காலையில் வகுப்பு வைத்தார்கள். எஸ்.எஸ். ரெகே என்ற நூலகர் அங்கே இருந்தார், அண்ணலின் நம்பிக்கைக்குரியவர், அவர் கேட்கும் நூலைத் தேடிக் கொடுத்தவர். அம்பேத்கரின் நூல்கள் பின்னர் அந்த நூலகத்தில் சேர்ந்தன. 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. மராத்வாடா என்ற வறண்ட நிலத்தின் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்தார்கள், விடுதியில் தங்கினார்கள், படித்தார்கள், எழுதினார்கள். மராத்தியத் தலித் இலக்கியத்தின் நாற்றங்கால் அந்தக் கல்லூரி. பாபாசாகேப் படித்த புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது ஒரு கிராமத்துப் பையனுக்கு எப்பேர்ப்பட்ட அழைப்பு! எந்த விளம்பரப் பலகையும் அந்த வேலையைச் செய்யாது.

அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளிலும் இதைப் பார்க்கிறோம். டென்னசி மாநிலத்தில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு 1943இல் ஆர்னா போன்டெம்ப்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் தலைமை நூலகராக வந்தார், 1965 வரை இருந்தார். கறுப்பின எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். தன் மக்களின் வரலாற்றைப் படிக்க வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும் என்ற நிலையை உருவாக்கினார். அதற்கு முன்பே, 1925இல், ஹாம்ப்டனில் கறுப்பின நூலகர்களைப் பயிற்றுவிக்கவே ஒரு பள்ளி திறந்திருந்தது. உள்ளே நுழைந்தவன் தன்னைப் போன்ற ஒருவரை மேசைக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இங்கே கல்லூரி நூலகர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நாக் குழு வரப்போகிறது என்று அடுக்கிய புத்தகத்தை மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார், நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல இடங்களில் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். "மாணவர் சேர்க்கைக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு கல்லூரியில் எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

சம்பந்தம் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பிக்கப் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் கட்ட வேண்டியது 2 ரூபாய் பதிவுக் கட்டணம். மற்றவர்களுக்கு அதோடு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் உண்டு. ஆனால் நம் பிள்ளை அந்த 2 ரூபாயைக் கட்ட பிரவுசிங் சென்டரில் நூறும் இருநூறும் கொடுக்கிறாள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் பாடப்பிரிவை மாற்றிப் போட்டுவிடுகிறார், கைப்பேசி எண்ணுக்குத் தன் எண்ணையே கொடுத்துவிடுகிறார். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது அவளுக்குத் தெரிவதே இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் போய்விடுகிறது, தரகரின் வேன் தயாராக நிற்கிறது. கல்லூரி நூலகத்தில் கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, மே மாதத்தில் மாணவர் கூட்டமும் இல்லை. அந்த இரண்டு வாரம் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான புத்தக வங்கித் திட்டம் 1978-79லேயே வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு இரண்டு பேருக்கு ஒரு தொகுதிப் பாடநூல். "புத்தகம் வாங்கக் காசில்லை, அதனால் அந்தப் படிப்பு வேண்டாம்" என்று சொன்ன பெற்றோர் எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம்! சேர்வதற்கு முன்பே அவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? சேர்ந்த பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், சேராதவன் எப்படிப் படிப்பான்?

எங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு நூலகர் இதைச் செய்தார். அரசுக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் மக்களில் ஒருவர், பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பணியில் இருந்தவரை ஒவ்வொரு ஏப்ரலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து விடுதிக்கு வருவார். பையில் பத்துப் பதினைந்து புத்தகம் இருக்கும், தன் பொறுப்பில் எடுத்து வந்தவை. பொருளாதாரம் என்றால் என்ன படிப்பார்கள், விலங்கியல் படித்தால் என்ன வேலை என்று சொல்வதற்குப் பதில் அந்தப் புத்தகத்தையே கையில் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுவார். படம் பார்க்கிறவன் படம் பார்ப்பான். யார் மூடி வைக்காமல் பக்கம் புரட்டுகிறார்கள் என்று கவனிப்பார். அவர்களிடம் மட்டும் தனியாகப் பேசுவார். எந்தச் சான்றிதழ் வேண்டும், எங்கே கையெழுத்து, எந்த உதவித்தொகை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். கல்லூரியில் சேர்ந்து முதல் நாள் நூலகத்துக்கு வந்த பிள்ளையிடம் "வந்துட்டியாம்மா" என்பாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே படிப்பை விடாமல் இருந்ததாக ஒரு தங்கை எங்களிடம் சொன்னாள். அவள் இப்போது மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்.

அவருக்கு இதற்காக ஒரு பயணப்படியும் கிடைத்ததில்லை. புத்தகத்தை வெளியே கொண்டுபோனதற்காக விளக்கம் கேட்டு ஒரு மெமோ மட்டும் கிடைத்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. ஒருவருடைய நல்ல மனசில் தொங்கிக்கொண்டிருந்த வேலை, அவரோடு போய்விட்டது. இதைக் கல்லூரியின் வேலையாக, சேர்க்கைக் குழுவில் நூலகருக்கும் இடம் கொடுத்து, பயணப்படியோடு, பணி நேரமாகக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்டு இந்த ஆண்டு சுற்றியுள்ள கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினோம். குறைந்தது, பிளஸ் டூ படிக்கும் விடுதிப் பிள்ளைகளும் மலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு நாள் உங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கொடுங்கள் என்றும் கேட்டோம். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து மட்டும் வந்தது: இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணி, 40 பேர் வரை, சாப்பாடு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையிலிருந்து வர வேன் வாடகை பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஓய்வு பெற்ற நூலகரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.